தாலியும் தங்கும் அட்டையும்

புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கல்யாணப் பேச்சு எடுத்தால் ஒரு கேள்வி கட்டாயம் வரும். "மாப்பிள்ளை பிரெஞ்சு நேஷனாலிட்டியா?" என்பார்கள். ஆமாம் என்று பதில் வந்தால் பேச்சு வேகம் பிடித்துவிடும். இந்தக் கேள்வி இப்போது திண்டிவனம் தாண்டி வந்தவாசி, தெள்ளார், ஆரணி வரைக்கும் வந்திருக்கிறது. நம் பக்கத்துப் பட்டு நெசவுக் குடும்பங்களிலும் பிரான்ஸ் மாப்பிள்ளைக்குப் பெண் கொடுத்தவர்கள் உண்டு.

பெண்ணை அனுப்புகிறவர்கள் மனதில் இருக்கும் நம்பிக்கை ஒன்றுதான். தாலி கட்டியாயிற்று, இனிமேல் அவளும் பிரெஞ்சுக்காரிதான் என்பது. அந்தக் கல்யாணம் முறிந்தால் அவள் அந்த நாட்டில் இருக்கலாமா, திரும்ப வேண்டுமா என்று முன்கூட்டியே கேட்டவர் ஒருவரையும் நான் பார்த்ததில்லை. அமங்கலமான பேச்சு என்று தவிர்க்கிறார்கள். ஆனால் சட்டம் அந்தக் கேள்வியை முதல் நாளிலிருந்தே கேட்டுக்கொண்டிருக்கிறது.

நான் சட்டம் படித்தவன் அல்ல. பள்ளிப் படிப்பு பிரெஞ்சு வழியில். பிறகு அரசு அலுவலகத்தில் எழுத்தர் வேலை. ஓய்வுக்குப் பிறகு தெள்ளார் வாசம். பிரெஞ்சில் வரும் கடிதங்களை வாசித்துச் சொல்ல இந்த வட்டாரத்தில் ஆள் குறைவு என்பதால் சிலர் என்னிடம் எடுத்து வருவார்கள். அப்படி வாசித்ததிலும், பழைய சட்டங்களைப் புரட்டியதிலும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

பிரெஞ்சுக்காரர்களுக்கும் நம் மண்ணுக்கும் உறவு புதிதல்ல. 1760 ஜனவரி 22 அன்று, பக்கத்து வந்தவாசியில்தான் லாலியின் படையை அயர் கூட் தோற்கடித்தார். அடுத்த ஆண்டு ஜனவரியில் புதுச்சேரியும் ஆங்கிலேயர் கைக்குப் போனது. பிறகு திரும்பக் கிடைத்த புதுச்சேரியில் பிரெஞ்சு ஆட்சி 1954 நவம்பர் 1 வரை நடந்தது. அந்த ஆட்சி விட்டுச்சென்றவற்றில் ஒன்று, பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள தமிழ்க் குடும்பங்கள்.

பிரெஞ்சுச் சட்டத்தில் மனைவியின் இடம் எப்படி மாறி வந்தது என்று பார்த்தால்தான் இன்றைய சிக்கல் விளங்கும்.

1804-இல் நெப்போலியன் காலத்தில் வந்த சிவில் சட்டம் இதில் மிகவும் சுருக்கமானது. பிரெஞ்சுக்காரனை மணந்த அந்நியப் பெண் கணவனின் நிலையை அடைவாள். அந்நியனை மணந்த பிரெஞ்சுப் பெண்ணும் தன் கணவனின் நிலையை அடைவாள். அவளுக்கு விருப்பமா என்று யாரும் கேட்கவில்லை. புருஷன் எந்த ஊரோ பெண்டாட்டி அந்த ஊர், அவ்வளவுதான்.

நம் புதுச்சேரியில் 1881 செப்டம்பர் 21 அன்று வந்த ஆணையிலும் இதே எண்ணத்தைப் பார்க்கலாம். சாதி, மத வழக்கப்படியான சொந்தச் சட்டத்தைத் துறந்து, பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வர விரும்பியவர்கள் எழுதிக் கொடுக்கலாம் என்றது அந்த ஆணை. அப்படித் துறந்தவர்களைத்தான் ரெனோன்சான் என்கிறோம். ஒருமுறை துறந்தால் திரும்பப் பெற முடியாது. கணவன் கையெழுத்துப் போட்டால் அவன் மனைவியும் வயதுக்கு வராத பிள்ளைகளும் சேர்ந்தே புதிய சட்டத்துக்குள் வந்துவிடுவார்கள்.

1927 ஆகஸ்ட் 10 சட்டம் முதல் முறையாக இந்த முடிச்சைத் தளர்த்தியது. பிரெஞ்சுக்காரனை மணக்கும் அந்நியப் பெண், தானாகக் கேட்டால்தான் பிரெஞ்சுக் குடியுரிமை; கேட்காவிட்டால் தன் பழைய குடியுரிமையே. ஆனால் 1945-இல் மறுபடி பழைய கணக்குக்கே போனார்கள். வேண்டாம் என்று அவள் முன்கூட்டியே சொல்லாவிட்டால், திருமணம் நடந்த அந்த நேரத்திலேயே அவள் பிரெஞ்சுக்காரி ஆகிவிடுவாள்.

இந்த 1945 சட்டம் நடப்பில் இருந்தபோதுதான் புதுச்சேரியின் கணக்கு முடிக்கப்பட்டது. ஒப்படைப்பு ஒப்பந்தம் 1956 மே 28 அன்று கையெழுத்தாகி, 1962 ஆகஸ்ட் 16 அன்று நடைமுறைக்கு வந்தது. இங்கே பிறந்து இங்கேயே வசித்த பிரெஞ்சுக் குடிமக்கள் எல்லாரும் இந்தியக் குடிமக்கள் ஆவார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புகிறவர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். நான் அப்போது சிறுவன். திண்ணைதோறும் இதே பேச்சு. சொல்தா குடும்பங்களில், அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்கள் வீடுகளில், பென்ஷனை நினைத்துப் பிரெஞ்சுப் பக்கம் போனவர்கள் அதிகம். எங்கள் வீட்டில் எழுதிக் கொடுக்கவில்லை. இந்தியராகவே இருந்துவிட்டோம்.

அந்த ஒப்பந்தத்தில் பலர் கவனிக்காத ஒரு வரி இருக்கிறது. கணவன் எடுக்கும் முடிவு மனைவியின் குடியுரிமையைப் பாதிக்காது என்பது அது. கல்யாணமாகாத, பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் தகப்பனின் முடிவைப் பின்பற்ற வேண்டும். மனைவி பின்பற்ற வேண்டியதில்லை. 1881-இல் கணவன் கையெழுத்தோடு சேர்த்து எடுத்துச் செல்லப்பட்ட அதே ஊர்ப் பெண்ணுக்கு, 1962-இல் சட்டம் தனிக் கையெழுத்து உரிமை கொடுத்தது.

1962-க்குப் பிறகு பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள புதுச்சேரி இளைஞர்களைக் கட்டிக்கொண்டு போன நம் ஊர்ப் பெண்களுக்கு 1945 சட்டம்தான். கல்யாணத்தோடு குடியுரிமை. பிற்பாடு மணமுறிவு வந்தாலும் அந்தக் குடியுரிமை போகாது. "கட்டிக்கொண்டால் அவளும் பிரெஞ்சுக்காரிதான்" என்று பெரியவர்கள் இன்றைக்கும் சொல்வது அந்தக் காலத்து நினைவில்தான் என்பது என் கணிப்பு. சட்டம் மாறி ஐம்பது ஆண்டுக்கு மேல் ஆகிவிட்டது. நம்பிக்கை மட்டும் மாறவில்லை.

1973 ஜனவரி 9 சட்டம் ஆணையும் பெண்ணையும் சமமாக்கியது. பிரெஞ்சுக் குடிமகனை மணந்தவரானாலும் குடிமகளை மணந்தவரானாலும், விருப்பப்பட்டால் எழுதிக் கொடுத்துக் குடியுரிமை பெறலாம். நியாயமான சட்டம். அப்போது காத்திருக்கும் காலம் எதுவும் இல்லை. ஆனால் தாளுக்காகக் கல்யாணம் செய்கிறார்கள் என்ற சந்தேகம் அரசாங்கத்துக்கு வளர வளர, காத்திருப்பும் வளர்ந்தது. 1984-இல் ஆறு மாதம். 1993-இல் இரண்டு ஆண்டு. 1998-இல் ஓராண்டாகக் குறைத்தார்கள். 2003-இல் மறுபடி இரண்டு. 2006 ஜூலை 24 சட்டத்தில் நான்கு ஆண்டு. இன்றைக்கும் நான்குதான், தம்பதி பிரான்சில் சேர்ந்தாற்போல் போதிய காலம் வசிக்காவிட்டால் ஐந்து. பிரெஞ்சு மொழியும் தெரிந்திருக்க வேண்டும்.

அதாவது, பழைய சட்டம் பெண்ணைக் கேட்காமலே கொடுத்தது, கொடுத்ததைப் பிடுங்கவில்லை. புதிய சட்டம் அவள் விருப்பத்தைக் கேட்கிறது. கேட்டுவிட்டு நான்கு ஆண்டு வாசலில் நிறுத்துகிறது. அந்த நான்கு ஆண்டும் அவள் கையில் இருப்பது கார்த் த செழூர் எனப்படும் தங்கும் அட்டை மட்டுமே. முதலில் ஓராண்டு விசா. பிரான்சில் இறங்கி மூன்று மாதத்துக்குள் அதைப் பதிவு செய்ய வேண்டும். பிறகு புதுப்பித்த அட்டை. கல்யாணமாகி மூன்று ஆண்டு ஆனால் பத்தாண்டு அட்டைக்கு மனுப் போடலாம். ஒவ்வொரு படியிலும் ஒரே நிபந்தனை: கணவன் மனைவி சேர்ந்து வாழ்வது நின்றிருக்கக் கூடாது.

நம் மக்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். "விவாகரத்து ஆனால்தானே அட்டை போகும்? தீர்ப்பு வராமல் இழுத்தடித்தால் போதும்" என்று நினைக்கிறார்கள். பிரெஞ்சுச் சட்டம் விவாகரத்துத் தீர்ப்புக்காகக் காத்திருப்பதில்லை. அது பயன்படுத்தும் சொல் கொம்முனோத்தே த வீ, கூட்டு வாழ்க்கை. கணவன் ஒரு வீட்டிலும் மனைவி வேறு வீட்டிலும் சண்டையால் பிரிந்திருந்தால், கோர்ட்டில் வழக்கே இல்லாவிட்டாலும், கூட்டு வாழ்க்கை நின்றுவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். பத்தாண்டு அட்டை கைக்கு வந்த பிறகும், கல்யாணமாகி நான்கு ஆண்டுக்குள் கூட்டு வாழ்க்கை முறிந்தால் அதைத் திரும்பப் பெற இடம் உண்டு. பிள்ளை பிறந்து, அதைத் தாய் பராமரித்து வந்தால் அப்படிச் செய்ய முடியாது. குடியுரிமையே பதிவான பிறகும், பன்னிரண்டு மாதத்துக்குள் பிரிந்தால் அந்தக் கல்யாணத்தின் மேல் சந்தேகம் விழும்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பக்கத்து நெசவாளர் ஒருவர் ஒரு கடிதத்தோடு வந்தார். ஊர், பெயர் எல்லாம் வேண்டாம். அவர் மகளைப் பாரீசுக்கு வெளியே ஒரு ஊரில் இருந்த மாப்பிள்ளைக்குக் கொடுத்திருந்தார். போய் இரண்டு ஆண்டு ஆகவில்லை. மாப்பிள்ளை கை நீட்டுகிறவன். அவனே ப்ரெஃபெக்த்யூருக்கு, அதாவது நம் கலெக்டர் ஆபீஸ் மாதிரியான அலுவலகத்துக்கு, மனைவி வீட்டை விட்டுப் போய்விட்டாள் என்று எழுதிப் போட்டுவிட்டான். அட்டையை ஏன் புதுப்பிக்க வேண்டும் என்று பதினைந்து நாளுக்குள் விளக்கம் கேட்டு வந்த கடிதம் அது. மகள் படம் எடுத்து அப்பாவின் போனுக்கு அனுப்பியிருந்தாள்.

"எம்பொண்ணு ஒரு தப்பும் பண்ணலீங்களே சார். அடிச்சவன் அவன். இவ எதுக்கு விளக்கம் சொல்லணும்?" என்றார்.

அவர் வீட்டில் எல்லாருமாகச் சேர்ந்து ஒரு முடிவு எடுத்திருந்தார்கள். "ரெண்டு மாசம் இங்க வந்து இருக்கட்டும். அவன் கோவம் தணிஞ்சதும் கொண்டுபோய் விட்டுட்டு வரலாம்" என்பது. நம் வழக்கத்தில் அது சரியான யோசனைதான். அம்மா வீட்டுக்கு வருவது, பெரியவர்கள் உட்கார்ந்து பேசுவது, சமாதானம் செய்து அனுப்புவது, இப்படித்தானே எத்தனையோ குடும்பங்கள் நிலைத்திருக்கின்றன? ஆனால் அந்தப் பெண் அந்த நேரத்தில் விமானம் ஏறியிருந்தால், கூட்டு வாழ்க்கை நின்றது என்பதற்கு அவளே சாட்சி சொன்ன மாதிரி ஆகியிருக்கும். அட்டையின் காலமும் இங்கேயே முடிந்துபோயிருக்கும். திரும்பிப் போக விசா வேண்டும்; அதற்குக் கணவன் தயவு வேண்டும்.

பெண் கெட்டிக்காரி. அடிபட்ட அன்றே மருத்துவமனைக்குப் போய்ச் சான்று வாங்கி, போலீசில் புகாரும் கொடுத்திருந்தாள். அதை அப்பாவிடம் சொல்லப் பயந்துகொண்டு மறைத்து வைத்திருந்தாள். போலீசுக்குப் போன பெண் என்று ஊர் பேசுமே என்ற பயம். அந்த இரண்டு தாள்கள்தான் அவளைக் காப்பாற்றின. அங்கிருந்த ஒரு சங்கத்தின் உதவியோடு பதில் எழுதினாள். பல மாதம் கழித்து அட்டை புதுப்பிக்கப்பட்டது.

அந்தத் தாள்களுக்கு அந்த மதிப்பு எப்படி வந்தது என்பதும் வரலாறுதான். அடி உதையால் பிரிந்த மனைவியின் அட்டையைப் புதுப்பிக்கலாம் என்று 2003 நவம்பர் சட்டத்தில்தான் முதலில் எழுதினார்கள். "கலாம்" என்பது அதிகாரியின் விருப்பம். 2010 ஜூலை 9 சட்டம் குடும்ப நீதிபதி தரும் பாதுகாப்பு ஆணையை உண்டாக்கியது. அந்த ஆணை பெற்ற பெண்ணுக்கு அட்டை தருவது கடமை ஆயிற்று. 2016 மார்ச் 7 சட்டத்துக்குப் பிறகு, வன்முறையால் கூட்டு வாழ்க்கை நின்றது என்று காட்டினாலே அதைக் காரணமாக வைத்து அட்டையை மறுக்க முடியாது. கணவன் இறந்துபோனாலும் அப்படியே. "கலாம்" என்பது "வேண்டும்" என்று ஆவதற்குப் பதின்மூன்று ஆண்டு பிடித்திருக்கிறது.

இது பிரான்சில் மட்டும் உள்ள நடைமுறை அல்ல. அமெரிக்காவில் 1986-இல் வந்த சட்டப்படி, கல்யாணமாகி இரண்டு ஆண்டு நிறையாமல் பச்சை அட்டை பெறும் மனைவிக்கு இரண்டு ஆண்டு நிபந்தனை அட்டைதான் கிடைக்கும். அது முடிவதற்கு முந்தைய 90 நாளில் கணவனும் மனைவியும் சேர்ந்து கையெழுத்திட்டு மனுப் போட வேண்டும். விவாகரத்தானவர்கள், கல்யாணம் உண்மையாக நடந்தது என்று காட்டித் தனியாக மனுப் போடலாம். அடிபட்டவர்களுக்கான தனி வழி 1990 திருத்தத்தில் வந்தது. இங்கிலாந்தில் 1999-இல்தான் இப்படி ஒரு சலுகை பிறந்தது. சவுத்தால் பிளாக் சிஸ்டர்ஸ் என்ற தெற்காசியப் பெண்களின் அமைப்பு அதற்காக விடாமல் போராடியது.

நம் நாட்டிலும் இது உண்டு. இந்தியரை மணந்த வெளிநாட்டவர், பதிவான திருமணம் இரண்டு ஆண்டு நிலைத்திருந்தால் ஓ.சி.ஐ. அட்டை பெறலாம். கோர்ட்டில் அந்தத் திருமணம் கலைக்கப்பட்டால் அட்டையை ரத்து செய்ய நம் குடியுரிமைச் சட்டம் இடம் தருகிறது. குடியுரிமை வேண்டுமென்றால் இங்கே ஏழு ஆண்டு வசித்திருக்க வேண்டும். ஆகவே வெள்ளைக்காரன் சட்டம் என்று மட்டும் திட்டுவதில் பொருளில்லை.

மனைவி என்ற தாளை மறுத்ததால் தமிழ்ப் பெண்கள் தெருவில் இறங்கிய கதையும் உண்டு. 1913 மார்ச் 14 அன்று தென்னாப்பிரிக்காவில் கேப் நீதிபதி சியர்ல் ஒரு தீர்ப்புச் சொன்னார். பலதார மணத்துக்கு இடம் தரும் மத முறையில் நடந்த கல்யாணத்தை அந்த நாட்டுச் சட்டம் ஏற்காது. எனவே அப்படி வந்தவளுக்கு மனைவி என்ற முறையில் உள்ளே நுழைய உரிமை இல்லை என்றார். ஒரே தீர்ப்பில் இந்தியப் பெண்களின் நிலை கேள்விக்குறி ஆயிற்று. அந்த ஆண்டு காந்தியின் சத்தியாக்கிரகத்தில் பெண்கள் சேர்ந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். தில்லையாடியைப் பூர்வீகமாகக் கொண்ட வள்ளியம்மை சிறைக்குப் போய், காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22 அன்று பதினாறு வயதில் இறந்தார். அதே ஆண்டு வந்த நிவாரணச் சட்டம், ஒரு மனைவி என்ற அளவில் இந்தியத் திருமணங்களை ஏற்றது. கல்யாணமே ஆகாத பெண் அவர். மற்றப் பெண்களின் கல்யாணத்துக்கு அந்த நாட்டில் மதிப்பு வாங்கித் தந்தவர்களில் ஒருவர்.

இன்னொரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். அங்கே முறிந்த கல்யாணம் இங்கே முறியாமல் நிற்கக்கூடும். 1991-இல் நம் உச்ச நீதிமன்றம், அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் கணவன் வாங்கிவந்த விவாகரத்துத் தீர்ப்பை ஏற்க மறுத்தது. இந்து திருமணச் சட்டத்தில் இல்லாத காரணத்துக்காக, மனைவி ஒப்புக்கொள்ளாத நீதிமன்றத்தில் பெற்ற தீர்ப்பு செல்லாது என்பது அதன் சாரம். பெண்ணுக்குப் பாதுகாப்பான தீர்ப்புதான். ஆனால் அங்கே தங்க அட்டையும் இல்லாமல், இங்கே மறுமணம் செய்யத் தீர்ப்பும் இல்லாமல் நடுவில் நிற்கும் பெண்ணும் உண்டு.

பெண்ணை வெளிநாட்டுக்கு அனுப்பும் வீட்டாருக்குச் சில வார்த்தைகள். கல்யாண மண்டபத்தில் தாலி கட்டினால் போதாது. பதிவு செய்து, பிரெஞ்சுத் தூதரகத்தின் பதிவேட்டிலும் ஏற்ற வேண்டும். பாஸ்போர்ட், திருமணச் சான்று, அட்டை மூன்றும் பெண்ணின் கையில் இருக்கட்டும். நகல்கள் நம் வீட்டில் ஒரு பெட்டியில் இருக்கட்டும். போன நாள் முதல் அவள் பிரெஞ்சு படிக்கட்டும். வாடகை ரசீதிலும் வங்கிக் கணக்கிலும் அவள் பெயரும் ஏறட்டும். சேர்ந்து வாழ்ந்ததற்கு அதுதான் சான்று. பிரான்சில் 3919 என்ற எண்ணில் கூப்பிட்டால் வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு இலவசமாக வழி சொல்வார்கள். அந்த எண்ணை மனப்பாடம் செய்து அனுப்புங்கள். பிரெஞ்சுக் குடிமகனுக்குப் பிறக்கும் பிள்ளை பிரெஞ்சுக் குடிமகன். அந்தப் பிள்ளையை வளர்க்கும் தாய் என்ற முறையில் அவள் தன் பெயரிலேயே அட்டை கேட்கலாம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அவள் அழுதுகொண்டே போன் செய்தால் "கிளம்பி வா" என்று முதல் வார்த்தையிலேயே சொல்லிவிடாதீர்கள். "டாக்டரைப் பார்த்தாயா? புகார் கொடுத்தாயா?" என்று கேளுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் முதலில் அந்த வீட்டை விட்டு வெளியேறச் சொல்லுங்கள். அந்த நாட்டை விட்டு அல்ல. வருவதா இருப்பதா என்பதைப் பிறகு அவளே முடிவு செய்யட்டும். போலீசுக்குப் போனதற்காக நம் வீட்டில் யாரும் கோபிக்க மாட்டோம் என்று கல்யாணத்துக்கு முன்பே அவளிடம் சொல்லி வையுங்கள். அந்த நெசவாளரின் மகள் அப்பாவுக்குப் பயந்து அந்தத் தாள்களைக் காட்டாமலே இருந்திருந்தால் பதினைந்து நாள் கெடு கடந்துபோயிருக்கும்.

அடுத்த பதிவில், 1881-இல் ரெனோன்சான் ஆனவர்கள் குடும்பப் பெயர் வைத்துக்கொண்ட கதையை எழுதுகிறேன்.